ஹோகார்த்தின் 12 படங்கள்: காசு கொடுத்து வாங்கியது யார்?

வகுப்பறை வாசல் கேட்டது:

வணக்கம். கல்லூரியில் 18ஆம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத் தாள் எடுக்கிறேன். போன வாரம் வில்லியம் ஹோகார்த் 1747இல் வெளியிட்ட ‘உழைப்பும் சோம்பலும்’ அச்சுப்பட வரிசையைப் புரொஜெக்டரில் ஓட்டினேன்.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஒரு பட்டு நெசவுக்கூடம். ஒரே முதலாளியிடம் தொழில் பழக வந்த இரண்டு பையன்கள். ஒருவன் பிரான்சிஸ் குட்சைல்ட், பெயரிலேயே நல்ல பிள்ளை. இன்னொருவன் டாம் ஐடில், பெயரிலேயே சோம்பேறி. குட்சைல்ட் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறான், முதலாளியின் கணக்கைப் பார்க்கிறான், முதலாளி மகளையே கட்டுகிறான், ஷெரீஃப், ஆல்டர்மேன் (நகர மன்றப் பெரியவர்) என்று ஏறிக் கடைசிப் படத்தில் லண்டனுக்கே லார்ட் மேயர். ஐடில் தறியில் தூங்குகிறான், ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் கல்லறை மேல் சூதாடுகிறான், கப்பலுக்கு அனுப்பப்படுகிறான், திரும்பி வந்து வழிப்பறி செய்கிறான், கூட இருந்தவளே காட்டிக்கொடுக்கிறாள், லண்டனின் தூக்குமரத் திடலான டைபர்னில் தூக்கு. 10ஆம் படத்தில் இரண்டு பேரும் மறுபடி சந்திக்கிறார்கள். குட்சைல்ட் விசாரிக்கிற நாற்காலியில், ஐடில் கம்பிக்கு வெளியே கைதியாக.

வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். குட்சைல்ட் வரும்போதெல்லாம் கொட்டாவி. ஐடில் வரும்போதெல்லாம் பின் பெஞ்சு விழித்துக்கொண்டது, கல்லறைச் சூதாட்டத்துக்கு விசில்கூட வந்தது. இளைஞர்களைத் திருத்த வந்த படத்துக்கு இளைஞர்கள் காட்டிய மரியாதை இது. அப்புறம் இரண்டு கேள்வி. ஒரு பையன்: “இதை யார் சார் வாங்கினாங்க? அந்தத் தறிப் பையன்களா?” ஒரு பெண்: “10ஆம் படத்தில் சாட்சி சொல்கிறவன் பைபிள் மேல் இடது கையை வைக்கிறான். அச்சில் திரும்பிப் போச்சா, வேணும்னே செஞ்சதா?”

இரண்டுக்கும் ‘அடுத்த வகுப்பில் சொல்கிறேன்’ என்று தப்பித்து வந்திருக்கிறேன். அச்சுத் தொழில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கை கொடுங்கள்.


பழைய பிளாக்காரன் எழுதியது:

வாத்தியார் சாருக்கு வணக்கம். நான் எட்டாவதோடு நின்றவன். 1968இல், 14 வயதில், சென்னையில் ஒரு பிளாக் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பத்திரிகைப் படம், கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையார், சோப்பு விளம்பரம் எல்லாத்துக்கும் ஜிங்க் தகட்டில் ஆசிட் வைத்து பிளாக், அதாவது படம் அச்சடிக்கிற தகடு, எடுக்கிற வேலை. முதல் இரண்டு வருஷம் தட்டை ஆட்டிக்கொண்டே இருப்பதுதான் என் வேலை, ஆசிட் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக. நைட்ரிக் பட்டு விரல் நுனியெல்லாம் மஞ்சளாக இருக்கும், சோறு பிசையும்போது என் அம்மா என் கையையே பார்ப்பாள். ஹோகார்த்தை எனக்குத் தெரியும். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே அட்டை இல்லாத பழைய புத்தகம் ஒன்று வாங்கினேன். பாஷைக்காக இல்லை, கோடுகளுக்காக. படிக்கிறதெல்லாம் அகராதி வைத்துப் பிற்பாடு படித்ததுதான்.

இடது கைக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அது என் தொழில் கேள்வி. அந்தப் பெண்ணுக்கு நல்ல கண். செப்புத் தகட்டில் எதை வெட்டினாலும் தாளில் இடம் வலம் மாறித்தான் விழும். எங்கள் பிளாக்கில் கோடு மேடாக நிற்கும், மை மேட்டில் ஒட்டும். செப்புத் தகட்டில் நேர் எதிர். உளியால் தோண்டிய பள்ளத்தில் மை நிற்கும். மேலே இருக்கிற மையைத் துணியால், உள்ளங்கையால் வழித்தெடுத்து, ஈரப்படுத்திய தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுக்கினால், தாள் பள்ளத்துக்குள் போய் மையை அள்ளிக்கொண்டு வரும். ஆகவே கை மாறிப்போவது நடக்கக்கூடியதுதான். பாதி வெந்த ஆட்கள் வெட்டிய தகடுகளில் ஊரே இடது கையால் சாப்பிடும்.

ஆனால் ஹோகார்த் பாதி வெந்த ஆள் இல்லை. வெள்ளிப் பாத்திரத்தில் குடும்ப முத்திரை வெட்டுகிற பட்டறையில் பழகி, அதிலிருந்து செப்புத் தகட்டுக்கு வந்தவர். வெள்ளியில் எழுத்து நேராக வெட்ட வேண்டும், தாளுக்குக் கண்ணாடி எழுத்தாக வெட்ட வேண்டும். இரண்டும் அவர் கைக்குப் பழக்கம். அதே 10ஆம் தகட்டில் எழுத்தர் எழுதுகிற ஓலை நியூகேட் சிறைக்காவலனுக்கு என்று நமக்கு நேராகப் படிக்கக் கிடைக்கிறது. எழுத்தைத் திருப்பி வெட்டத் தெரிந்தவனுக்கு ஒரு கையைத் திருப்பத் தெரியாதா?

இன்னும் கிட்டே போய்ப் பாருங்கள். சத்தியம் செய்கிறவன் ஒற்றைக் கண்ணன், ஐடிலின் கூட்டாளி. தன் கழுத்தைத் தப்பவைக்க இவனை மாட்டிவிடுகிறான். பைபிளை நீட்டுகிற கோர்ட் ஆள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை, ஏனென்றால் பக்கத்தில் ஒரு பெண் அவனுக்குக் காசு தள்ளுகிறாள். செல்லாத சத்தியம், விலைக்குப் போன ஆள். நம்ம நல்ல பிள்ளை குட்சைல்ட் என்ன செய்கிறான்? கையால் முகத்தை மறைத்துத் தலையைத் திருப்பிக்கொள்கிறான். பழைய சிநேகிதன் மேல் இரக்கம் என்று சொல்வார்கள். இருக்கட்டும், மனுஷன்தான். ஆனால் முகத்தைத் திருப்பியதால் அந்த இடது கையும் அவன் கண்ணில் படவில்லை. இதை நான் கண்டுபிடிக்கப் பத்து வருஷம் ஆனது. உங்கள் மாணவி ஒரு வகுப்பில் பிடித்துவிட்டாள்.

அடுத்து யார் வாங்கினார்கள் என்பது. 12 படம் கொண்ட செட்டின் விலை 12 ஷில்லிங். ஒசத்தித் தாளில் வேண்டுமென்றால் 14. லெஸ்டர் ஃபீல்ட்ஸில் ‘பொன் தலை’ அடையாளம் போட்ட அவர் வீட்டிலேயே விற்றார், கடைகளிலும் கிடைத்தது. அவர் கணக்கில் இது மலிவு. 1732இல் வந்த ‘வேசியின் கதை’ 6 படம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், படத்துக்கு மூன்றரை. இங்கே படத்துக்கு ஒன்று. மலிவாக்குவதற்காகவே கோட்டைத் தடியாக, சாயை குறைவாக வெட்டினார். நுணுக்க வேலை இதற்குத் தேவையில்லை, முகமும் சேட்டையும் புரிந்தால் போதும், யாருக்காகச் செய்தேனோ அவர்கள் வாங்கும்படி இருக்க வேண்டும் என்று அவரே பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார்.

அவர்கள் வாங்க முடியுமா? லண்டனில் ஒரு கூலியாள் வாரம் பூரா உழைத்தால் ஏறக்குறைய 10 ஷில்லிங். தொழில் பழகுகிற பையனுக்கோ சம்பளமே கிடையாது. சோறு, துணி, படுக்க இடம், அவ்வளவுதான். மாறாக, அப்பன்தான் முதலாளிக்கு முன்பணம் கட்டிப் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். பைசா கையில் இல்லாத பையன் 12 ஷில்லிங்குக்குப் படம் வாங்கி, நான் கெட்டுப்போனால் தூக்கில் தொங்குவேன் என்று தன் தலைமாட்டில் மாட்டிக்கொள்வானா? வாங்கியவன் முதலாளி. வாங்கிக் கொடுத்தவன் மாமனோ பெரியப்பனோ.

எங்கள் பட்டறையில் ஒரு போர்டு இருந்தது. ‘காலம் பொன் போன்றது’. வாடிக்கையாளர் நிற்கிற பக்கம் அது தெரியாது. ஆசிட் தட்டுக்கு நேர் எதிரே, எங்கள் கண்ணுக்கு மட்டும். ஆறு மணிக்குமேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் உண்டு என்று எந்தப் போர்டிலும் இல்லை. ஹோகார்த்தின் முதல் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தப் போர்டுதான் ஞாபகம் வந்தது.

அந்த முதல் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இரண்டு பெரிய தறிகள். ஐடில் தறிக்காலில் சாய்ந்து தூங்குகிறான். பக்கத்தில் பெரிய பீர்க் குவளை, ‘ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்’ என்று அதன்மேலேயே எழுதியிருக்கிறது. நாடா தொங்குகிறது, அதோடு ஒரு பூனை விளையாடுகிறது. நெசவு தெரிந்தவர்களுக்குத் தெரியும், நாடா ஓடாத தறி வெறும் கட்டில். இரண்டு பேருக்கும் ‘பயிலுநர் வழிகாட்டி’ என்ற புத்தகம் ஒவ்வொன்று கொடுத்திருக்கிறார்கள். குட்சைல்டுடையது புத்தம் புதுசு, ஐடிலுடையது தரையில் கிழிந்து கிடக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. படிக்கிற புத்தகம் கிழியும், படிக்காதது புதுசாகவே இருக்கும். சரி, ஹோகார்த் அப்படி நினைத்திருக்க மாட்டார், இது என் குசும்பு.

சுவரில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. குட்சைல்ட் பக்கம் லார்ட் மேயர் ஆன விட்டிங்டன் பாட்டு. ஐடில் தலைக்குமேல் திருடி மால் ஃப்ளாண்டர்ஸ் தாள். இதெல்லாம் தெருவில் பெட்டிக்காரன் விற்கிற காசுப் பாட்டுத் தாள்கள். பையன்கள் தங்கள் காசில் வாங்கியது எது என்று படத்துக்குள்ளேயே போட்டுக் காட்டிவிட்டார். கதவில் கோலோடு நிற்கிற முதலாளி வாங்கியது இந்த 12 படம்.


நூலகத்து எலி எழுதியது:

பிளாக்கார ஐயா சொன்னதோடு ஒப்பந்தப் பத்திரத்தையும் சேர்த்துக்கொண்டால் இந்தப் படங்கள் இன்னும் தெளிவாகும். 1563இன் சட்டப்படி தொழில் பழக 7 ஆண்டு. பையன் கையெழுத்திடுகிற பத்திரத்தில் என்னென்ன செய்ய மாட்டேன் என்று ஒரு பட்டியல்: சீட்டு, பகடை ஆட மாட்டேன், மதுக்கடையில் உட்கார மாட்டேன், முதலாளியின் ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன், பழகும் காலத்தில் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன். இரண்டு பிரதி எழுதி நடுவில் வளைவாக வெட்டி ஆளுக்கு ஒன்று. பிற்பாடு சந்தேகம் வந்தால் வெட்டுவாய் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள்.

இப்போது 12 படங்களையும் அந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். 3ஆம் படம் சூது. குட்சைல்டின் கல்யாணப் படத்துக்குத் தலைப்பே ‘பழகும் காலம் முடிந்து, முதலாளி மகளை மணந்து’ என்று வரிசை தப்பாமல் வரும். 5ஆம் படத்தில் ஐடிலைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோகிறார்கள். தாய் அழுகிறாள், ஒரு மாலுமி சவுக்கைக் காட்டிப் பயமுறுத்துகிறான், தூரத்தில் கரையில் தூக்குமரம். தண்ணீரில் ஒரு தாள் மிதக்கிறது பாருங்கள், அவன் தூக்கி எறிந்த பத்திரம் அது.

படம் மட்டும் இல்லை, இதே உபதேசம் எல்லாப் பக்கமிருந்தும் பையன்கள் மேல் விழுந்தது. நாவலாசிரியராவதற்கு முன் அச்சகம் நடத்திய சாமுவேல் ரிச்சர்ட்சன், தொழில் பழகப் போன தன் சகோதரர் மகனுக்கு எழுதிய புத்திமதியை விரித்து 1733 கடைசியில் ஒரு கையேடாகவே போட்டார். அவர் அசல் குட்சைல்ட். காலம் முழுக்கப் பழகி முடித்து, தன் பழைய முதலாளியின் மகள் மார்த்தாவைத்தான் கட்டினார். 1731இல் ஜார்ஜ் லில்லோவின் ‘லண்டன் வணிகன்’ நாடகம். வேசி சொல் கேட்டு முதலாளி பணத்தைத் திருடி, மாமனையும் கொன்று தூக்கில் முடிகிற பையன் கதை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பயிலுநர்களைக் கூட்டிப்போய் உட்காரவைக்கிற நாடகமாக அது வருஷக்கணக்கில் ஓடியது. பண்டிகை லீவில் இந்த விருந்து.

எதிர்ப்பக்கமும் பலமாக இருந்தது. ஜாக் ஷெப்பர்ட் தச்சுப் பட்டறைப் பயிலுநர். காலம் முடிய ஒரு வருஷம்கூட இல்லாதபோது வேலையை உதறித் திருட்டில் இறங்கினான். 1724இல் சிறையிலிருந்து நாலு முறை தப்பி, நவம்பர் 16இல் டைபர்னில் தூக்கு, வயது 22. பையன்கள் கொண்டாடியது இவனை. நியூகேட் கொட்டடிக்குள் போய் அவன் முகத்தை வரைந்தவர் சர் ஜேம்ஸ் தார்ன்ஹில், அரச ஓவியர். அதை அச்சாக்கியும் விற்றார்கள். 5 வருஷம் கழித்து அந்தத் தார்ன்ஹில்லின் மகளைத்தான் ஹோகார்த் வீட்டுக்குத் தெரியாமல் கூட்டிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்.


கறார் கந்தன் எழுதியது:

எல்லோரும் ஹோகார்த்தைக் கிண்டல்காரராகவே ஆக்கிவிட்டீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பைபிள் வசனம், பெரும்பாலும் நீதிமொழிகள். அதைப் பொறுக்கிக் கொடுத்தவர் அவர் சிநேகிதரான பாதிரியார் ஆர்னால்ட் கிங். படத்தின் ஓரச் சட்டத்தில் ஒரு பக்கம் செங்கோல், வாள், தங்கச் சங்கிலி. மறுபக்கம் சவுக்கு, விலங்கு, கயிறு. இதில் எங்கே இரண்டு அர்த்தம்? 1751இல் ‘கொடுமையின் நான்கு படிகள்’ வெளியிட்டபோதும், இன்னும் ஏழைகளுக்குப் போய்ச் சேரட்டும் என்று கடைசி இரண்டு படத்தை மரக்கட்டையில் வெட்டவைத்தார். செலவு கூடிப்போய் நிறுத்தினார் என்பது வேறு. பணம் போனாலும் போதிக்கிற எண்ணம் உண்மை. இடது கை, பூனை என்று தேடுவது இந்தக் காலத்து வாசகர் பழக்கம்.


வகுப்பறை வாசல் எழுதியது:

கறார் கந்தன் சொல்வதை ஒதுக்கிவிட முடியவில்லை. பையன்களைப் பயமுறுத்த வேண்டும் என்றால் 11ஆம் படம், தூக்குப் படம், அதற்குத்தானே? ஆனால் அங்கேயும் என் மாணவர்கள் பயப்படவில்லை. தேர்த் திருவிழா மாதிரி இருக்கு சார் என்றார்கள்.


பழைய பிளாக்காரன் எழுதியது:

கந்தன் தம்பி, ஹோகார்த் பொய்யாகப் போதித்தார் என்று நான் சொல்லவில்லை. வசனத்தை நம்பித்தான் வெட்டியிருப்பார். ஆனால் வசனம் பாதிரியார் கொடுத்தது, கோடு அவர் கை போட்டது. கை பார்த்ததைத்தான் போடும்.

அவர் வாழ்க்கையையும் பாருங்கள். 1714இல் எல்லிஸ் கேம்பிள் என்ற வெள்ளி வேலைக்காரரிடம் 7 வருஷத்துக்குச் சேர்ந்தார். அப்பா லத்தீன் வாத்தியார், கடனுக்காகச் சிறையில் கிடந்து வந்த மனுஷர். பையன் 7 வருஷம் முழுசாக இருக்கவில்லை. 1720 ஏப்ரலிலேயே தனிக்கடை போட்டுத் தன் பெயர் அட்டை அடித்துவிட்டார். பத்திரத்தை முறித்ததில் ஐடில். பெரியவர் வீட்டுப் பெண்ணைக் கட்டியதில் குட்சைல்ட், அதுவும் கேட்காமல் கூட்டிப்போய். படத்தில் போட்ட நீதியை அவர் வாழ்க்கைமேல் வைத்தால் பொருந்தாது.

வாத்தியார் சாரின் பிள்ளைகள் திருவிழா என்று சொன்னது சரியான வார்த்தை. நியூகேட்டிலிருந்து டைபர்ன் ஏறக்குறைய 3 மைல். வருஷத்துக்கு எட்டுத் தடவை போல அந்த ஊர்வலம் நடக்கும். பட்டறைகளில் அன்றைக்கு வேலை ஓடாது. 11ஆம் படத்தில் ஐடிலைத் தேட வேண்டியிருக்கும். அவன் இடது பக்கம் ஒரு கட்டைவண்டியில், தன் சவப்பெட்டியோடு சேர்ந்து, சின்னதாக. வெஸ்லி என்று எழுதிய புத்தகத்தோடு ஒரு மெதடிஸ்ட் பிரசங்கி, அதாவது வெஸ்லி தொடங்கிய கிறிஸ்தவ இயக்கத்து ஆள், அவன் காதில் கத்துகிறார். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிற நியூகேட் பாதிரியோ முன்னால் கோச்சில் சொகுசாகப் போகிறார். தூக்குமரத்தின் மேல் ஒருவன் படுத்துக்கொண்டு பைப் புகைக்கிறான், அவன்தான் தூக்குபோடுகிறவன். ஒருவன் நாயை வாலைப் பிடித்துத் தூக்கிப் பிரசங்கியின் பக்கம் எறியப் போகிறான். இறகுத் தொப்பி போட்ட டிடி டால் இஞ்சி ரொட்டி விற்கிறார், லண்டனில் எல்லோருக்கும் தெரிந்த அசல் ஆள். ஜின் விற்பனை தனியாக.

எல்லாவற்றுக்கும் முன்னால், நடு மத்தியில், குழந்தையை ஏந்திக்கொண்டு ஒரு பெண் வாய்விட்டுக் கூவுகிறாள். கையில் தாள். ‘தாமஸ் ஐடிலின் கடைசி மரண வாக்குமூலம்’. வாத்தியார் சார், வண்டி இன்னும் மரத்தடிக்கே போகவில்லை. அவன் இன்னும் பேசவே இல்லை. ஆனால் அவன் கடைசியாகப் பேசியது அச்சாகி, மடித்து, விற்பனைக்கு வந்துவிட்டது. முந்தின ராத்திரி எழுத்துக் கோத்து, ஈரத் தாளில் அடித்துக் கயிற்றில் காயப்போட்டிருப்பார்கள். அச்சுக்காரனாகப் பார்த்தால் எனக்கு வயிறு கலக்குகிறது, ஏனென்றால் நானும் அப்படி வேலை செய்திருக்கிறேன். ஒரு பெரிய தலைவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கறுப்புப் பார்டர் பிளாக் தயார்.

கதை அதோடு முடியவில்லை. 12ஆம் படத்தில் குட்சைல்ட் லார்ட் மேயர் ஊர்வலத்தில் கோச்சு ஜன்னலுக்குள் சிறுசாகத் தெரிகிறான். பக்கத்தில் நிற்கிற ஊர்க்காவல் படை முழுக் குடி. அந்தக் கூட்டத்திலும் ஒருவன் தாள் விற்கிறான்: ‘தாமஸ் ஐடிலின் ஆவி பற்றிய முழு உண்மை விவரம்’. நல்ல பிள்ளை மேயரான நாளிலும் விலை போவது கெட்டவன் பெயர் போட்ட தாள்தான். இதைப் பாதிரியார் கிங் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார். தெருவில் தாள் எப்படி விற்கும் என்று தெரிந்த ஒருவர்தான் போட்டிருக்க முடியும். தன் படங்களைத் திருட்டுத்தனமாக நகலடிக்கிறார்கள் என்று பார்லிமெண்ட் வரைக்கும் போய் 1735இல் சட்டம் வாங்கிய மனுஷர் அவர்.

8ஆம் படத்தையும் தவறவிடாதீர்கள். குட்சைல்ட் ஷெரீஃப் ஆனதுக்கு விருந்து. மேஜையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷர்களின் வாயைப் பாருங்கள். உழைத்தவன் பணக்காரனாகி ஷெரீஃப் ஆனான் என்று தலைப்பு, படத்தில் தெரிவது பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து அடிக்கிற கூட்டம்.


நூல்கண்டு எழுதியது:

நெசவுக் குடும்பத்துப் பெண் என்பதால் ஒன்று மட்டும். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பையன்கள் கெட்டதற்குக் காரணம் பீரும் தூக்கமும் என்று படம் சொல்கிறது. அந்தத் தெருக்களில் நிஜமாக நடந்தது வேறு. அங்கே நெய்தவர்களில் பலர் 1685க்குப் பிறகு பிரான்சிலிருந்து ஓடிவந்த ஹியூகனாட்டுகளும், அதாவது பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகளும், அவர்கள் வழிவந்தவர்களும். 1719இல் வேலை வறண்டபோது அந்த நெசவாளர்கள் கூட்டமாகக் கிளம்பி, தெருவில் அச்சடித்த பருத்தி கட்டிப்போன பெண்களின் உடையைக் கிழித்தார்கள், ஆசிட்டும் ஊற்றினார்கள். அந்தத் துணியில் கணிசமானது நம் சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் போன சீட்டித் துணி. 1721இல் அச்சிட்ட பருத்தி உடுத்தவே தடை வந்தது. தறி ஓடுவதும் நிற்பதும் பையனின் சுறுசுறுப்பில் மட்டும் இல்லை.

ஹோகார்த் இறந்து 5 வருஷத்தில், 1769 டிசம்பரில், கூலிச் சண்டையில் தறியிலிருந்த பட்டை அறுத்தார்கள் என்று ஜான் டாய்ல், ஜான் வாலைன் என்ற இரண்டு நெசவாளர்களைத் தூக்கிலிட்டார்கள். டைபர்னில் இல்லை. எல்லா நெசவாளரும் பார்க்கட்டும் என்று பெத்னல் கிரீனில், அவர்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே மரத்தை நட்டார்கள்.


கறார் கந்தன் எழுதியது:

வாலைன், டாய்ல் விஷயம் எனக்குத் தெரியாது. 12ஆம் படத்து ஆவித் தாளையும் இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன், இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், வாங்கி மாட்டிய முதலாளி அதைப் பார்த்திருக்க மாட்டார்.


பழைய பிளாக்காரன் எழுதியது:

அதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. எங்கள் முதலாளியும் அந்தப் போர்டில் ஒரு எழுத்து உதிர்ந்து ‘காலம் பொன் போறது’ என்று நின்றதைக் கடைசிவரை பார்க்கவில்லை. நாங்கள் மூன்று வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வாத்தியார் சாருக்கு ஒரு வேண்டுகோள். புரொஜெக்டரை விடுங்கள், அதில் பூனையும் தெரியாது, சுவரில் ஒட்டிய பாட்டும் தெரியாது. ஏ3 தாளில் எடுங்கள். தடித்த தாள் வேண்டாம், மேப்லித்தோ போதும். கறுப்பைக் கூட்டாதீர்கள், நெருக்கமான கோடு அடைத்துக்கொள்ளும். எடுத்து, முதலில் பின் பெஞ்சுக்குக் கொடுங்கள். கீழே இருக்கிற வசனத்தை மடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.


வகுப்பறை வாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 1, 10, 11, 12 நாலையும் எடுத்தாகிவிட்டது. கல்லூரிக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில்தான் எடுத்தேன். அங்கே வேலை பார்க்கிற பையன் 11ஆம் படத்தை இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றான். “சார், தூக்குல போறவன் எங்க?” என்று கேட்டான்.